மைக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

போன மாதம் என் மகள் என்னை ஒரு பிரசங்கக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். பொம்மனஹள்ளி தாண்டி ஓசூர் ரோட்டோரம் பெரிய ஹால். ஏசி, மெத்தென்ற நாற்காலி, மேடைக்கு இருபுறமும் சினிமாக் கொட்டகை அளவுக்குத் திரை. பேசியவர் ஜீன்ஸ் போட்டிருந்தார். அவர் பேசப் பேச அந்தப் பேச்சு திரையில் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது. "உனக்குத் தோதா இருக்கும்னுதாம்மா இங்க கூட்டிட்டு வந்தேன்" என்றாள். ஆளைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஆனாலும் பிள்ளை ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வீக்கம் வடியும்போது ஒரு காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டும் போயிருந்தால் வீட்டில் கண்டுபிடித்திருப்பார்கள். ஒன்று மட்டும் போனதால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியாது. எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தெரியவந்த கதையும் ஒரு பிரசங்கக் கூட்டத்துக் கதைதான். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துக் கூட்டங்களை விளக்க வேண்டியதில்லை. மூங்கில் கழியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், டியூப்லைட்டைச் சுற்றும் ஈசல், காகிதப் பொட்டலத்தில் சுடச்சுட வேர்க்கடலை. சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் ஜமக்காளத்தை விரித்து இடம் பிடிக்க வேண்டும். விரித்தால் போதாது, நான்கு மூலையிலும் ஆள் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் முனையை மடித்துவிட்டு வேறொரு குடும்பம் குடியேறிவிடும். பெங்களூர் ஊரே ஃபேன் இல்லாமல் தூங்கிய காலம் அது. ஆறு மணிக்கு மேல் பனி இறங்கும், அம்மாக்கள் பிள்ளைகளின் தலையில் குல்லாவை இழுத்துவிடுவார்கள்.

எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலை. சுவரில் புத்தர் படம், அதன் கீழே ஒரு சின்ன விளக்கு. அப்பா மில்லில் தறி ஓட்டினார். தறிகள் போடும் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்கு வேறு குரலே கிடையாது. வீட்டில் சோற்றுக்கு உப்பு கேட்டார் என்றால் தெருமுனைக் கடைக்காரர் உப்பைப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவார். அம்மாவோ நேர்மாறு. அம்மா ஊதுபத்தி உருட்டினாள். காலையிலிருந்து வாசல் வெளிச்சத்தில் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, கறுத்த மாவைக் குச்சியில் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய். தலை நிமிராது. பேசுவதும் அந்தப் பலகையோடுதான், அதுவும் முணுமுணுப்பாக. அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து குச்சிகளைச் சேர்த்துக் கட்டுவது என் வேலை. அப்படியென்றால் அவள் பக்கம் இருந்தது என் இடது காது. நல்ல காது எப்போதும் தெருப்பக்கம் இருந்தது. தெருக்குழாயில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா தண்ணீர் கேட்டது மட்டும் தெரியாது.

இதிலிருந்து வீட்டில் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? அப்பா கூப்பிட்டால் ஓடுகிறாள், அம்மா கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே அப்பாவிடம் பயம் இருக்கிறது, அம்மாவிடம் மதிப்பு இல்லை. மில் வேலைக்காரர் வீடுகளில்தான் இப்படியொரு தப்பு நடக்க முடியும். வேறு வீடாக இருந்திருந்தால் சத்தமாகப் பேசினால்தான் கேட்கிறது என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கும். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாருமே கத்தித்தான் பேசினார்கள், அதற்குப் பெயர் அதட்டல். எனக்குக் கிடைத்த பெயர் அடங்காப்பிடாரி. "செவுடாடி நீ?" என்று என்னைத் திட்டாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. ஒருவராவது அதை நிஜமான கேள்வியாகக் கேட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். டீச்சர் நிற்கும் பக்கம் என் செத்த காது, ஜன்னல் பக்கம் உயிருள்ள காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ரிப்பேர் கடை இருந்தது, பாடத்தைவிட அதில் எனக்குத் தேர்ச்சி அதிகம். தசரா லீவு விடும் நாளில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவை வரச் சொன்னார். நல்ல மனுஷிதான், ஆனால் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. "வேணும்னே பண்றாம்மா. கேள்வி கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. இந்தத் திமிரோட லீவு முடிஞ்சு இவளை இங்க கொண்டாராதீங்க" என்றார்.

அன்றைக்கு அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார். கோலார் தங்கவயலில் அவருடைய அக்கா இருந்தார், என் அத்தை. மாமா சுரங்கத்தில் வேலை பார்த்துக் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. அத்தை வளர்த்த ஆடுகள்கூட வரிசையாகத்தான் பட்டிக்குள் போகும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். "அக்கா கைல வுட்டா ஒரே வருசத்துல நிமித்திடும். லீவு முடிஞ்சதும் கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடறேன்" என்றார். வழக்கம்போலத் தெரு முழுவதும் கேட்டது. அம்மா பலகையைப் பார்த்து ஏதோ சொன்னாள், அது எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் பதில் கேட்டது. "சரி, லீவு முடியறவரிக்கும் பாரு. எவுரு சொல்லித் திருந்துனாலும் எனக்குச் சந்தோசந்தான்."

அந்த 'எவுரு' யார் என்பதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி முடிவு செய்தார். அவர் வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிரபலமான பிரசங்கியார் வருகிறார், ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஒரு வாரம் கூட்டம், சுவரெல்லாம் போஸ்டர். "அவுரு பேச்சக் கேட்டு எத்தினி குடிகாரனுங்க திருந்திக் கீறாங்க. இது பச்சப் புள்ள. நீ கூட்டிகினு வாம்மா, நா கீறேன்" என்றார். அம்மா புத்தரைத் திரும்பிப் பார்த்தாள். புத்தர் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா சீக்கிரமே பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை, முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டாள். மெஜஸ்டிக் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. போய்ச் சேர்ந்தபோது நல்ல இடமெல்லாம் ஜமக்காளத்தால் நிரம்பியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் கழியின் அடியில் மட்டும் யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்தால் மண்டை அதிரும், யார் உட்காருவார்கள்? நாங்கள் உட்கார்ந்தோம்.

கூட்டம் தொடங்கியது. அந்த மனிதர் வாயைத் திறந்ததும் எனக்கு நேர்ந்ததை எப்படிச் சொல்வது? ஒரு ஆள் பேசுவது, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, ஒன்றுகூடச் சிந்தாமல் எனக்குள் வந்து விழுந்தது. அவர் தமிழில் ஒரு வரி சொல்வார், பக்கத்தில் ஒருவர் அதைக் கன்னடத்தில் சொல்வார். டிக்கெட் வாங்காமல் கோலார் ரயிலில் ஏறியவன், செக்கர் வருவதைப் பார்த்துக் கக்கூசில் ஒளிந்து, உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்த தன் மாமனார் மேலேயே மோதிய கதையைச் சொன்னார். மைதானமே சிரித்தது, நானும் எல்லாரோடும் சேர்ந்து அதே நேரத்தில் சிரித்தேன். அதற்கு முன்னால் எப்போதும் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு அந்தப் பிரசங்கத்தை நடித்துக் காட்டினேன். தமிழ் வரிக்கு இந்தப் பக்கம், கன்னட வரிக்கு அந்தப் பக்கம் தாவித் தாவி. அப்பா சோற்றுக் கையோடு, "பார்றா! என் பொண்ணா இது!" என்றார், கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். மறுநாள் ஆன்ட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் பிள்ளைக்குள் வார்த்தை இறங்கிவிட்டது, இது அற்புதம் என்று. அதன்பிறகு தினமும் கூட்டம், தினமும் அதே கழியடி. அம்மாவுக்கு அது ராசியான இடமாகிவிட்டது.

ஆனால் வீட்டில் பலகை முன்னால் எல்லாம் பழையபடிதான். அம்மா கூப்பிடுவாள், நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கூட்டம் முடிந்து வரும்போது பஸ்ஸில் அம்மா மடியில் இடது காதை வைத்துப் படுத்திருந்தேன். வலது காது மேலே இருந்தது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தப் பெரியவரு பேச்சு உள்ள போவுது ஆன்ட்டி. அவங்கப்பா பேச்சு போவுது. பெத்தவ பேச்சு மட்டும் போவ மாட்டேங்குது. எம்மேல இவளுக்கு இன்னா கோவம்னே எனக்குத் தெரில." என் கன்னத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது. எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை, இன்னும் இறுக்கமாக மடியில் புதைந்துகொண்டேன்.

கடைசி நாள் கூட்டத்தில் சாட்சி சொல்வார்கள். மனம் மாறியவர்கள், நோய் தீர்ந்தவர்கள் மேடைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆன்ட்டி எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். அவளுக்கு மேடை பெரிதல்ல, அப்பா அன்றைக்கு மைதானத்துக்கு வந்திருந்தார். மகள் திருந்திவிட்டாள் என்று அவர் கண்ணால் பார்த்தால் அத்தை வீட்டுப் பேச்சை விட்டுவிடுவார் என்பது அவள் கணக்கு.

மேடையில் எனக்கு விளக்குகள்தான் தெரிந்தன. பிரசங்கியார் பெரிய உருவம், வெள்ளை ஜிப்பா, பக்கத்தில் போனால் சந்தன சோப்பு வாசனை. பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு இடப்பக்கம் குனிந்து மெதுவாக என் பெயரைக் கேட்டார். நான் ஈசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் கேட்டார். நான் திரும்பவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. அவர் நிமிர்ந்து மைக்கில், "பாப்பாவுக்கு வெட்கம் போலிருக்கு" என்றார். கன்னடக்காரரும் அதைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றேன் நான், உடனே.

மைதானம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். அவள் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவ்வளவு பேர் முன்னால், அந்தக் கூச்ச சுபாவக்காரி, எனக்குப் பின்னால் போய் நின்று இடது தோளுக்கு மேல் குனிந்தாள். என்னவோ சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. அப்புறம் வலப்பக்கம் வந்து, "பாப்பா" என்றாள். வீட்டில் பேசுகிற அதே குரல். நான் திரும்பி, "இன்னாம்மா?" என்றேன்.

அவள் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எங்கேயோ போய்விட்டது. பிரசங்கியாரிடம், "ஐயா, நீங்க மெதுவா கேட்டதும் இவளுக்குக் கேக்கல. எம்மேல கோவம் இல்ல ஐயா. இவளுக்கு இந்தக் காது கேக்கல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் இப்போதும் என்னை ஆட்டுகிறது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே தாய் உலகத்திலேயே என் அம்மாவாகத்தான் இருப்பாள்.

சாட்சி சொல்ல வந்த இடத்தில் இப்படி ஆனால் என்ன செய்வார்கள்? ஜெபம்தான். பிரசங்கியார் என் இடது காதின்மேல் உள்ளங்கையை வைத்தார். மைதானம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. நீண்ட ஜெபம். முடிந்ததும் அவர் மைக்கை வாயருகே வைத்து, "கேட்கிறதா மகளே?" என்றார்.

கழியில் கட்டிய ஸ்பீக்கரெல்லாம் சேர்ந்து எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கேட்டால் எனக்குக் கேட்காமல் என்ன? "கேக்குது" என்றேன்.

அல்லேலூயா என்று எழுந்த ஓசையில் ஈசல்கள்கூடக் கலைந்திருக்கும். ஆன்ட்டி கீழே முழங்காலில் நின்று அழுதார். கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்மா அவருடைய ஜிப்பாக் கையைப் பிடித்து இழுத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் சொன்னது ஊருக்கே கேட்டது.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. மைக்க ஆஃப் பண்ணிட்டு இந்தப் பக்கம் நின்னு கேளுங்க."

கன்னடக்காரர் பழக்கதோஷத்தில் அதையும் மொழிபெயர்த்துவிட்டார். கைதட்டல் நின்றுபோனது. அந்தப் பெரிய மனிதர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்து மழுப்பியிருக்கலாம், அடுத்த சாட்சியைக் கூப்பிட்டிருக்கலாம். விசுவாசம் இல்லாதவள் என்று அம்மாவை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டமும் தலையாட்டியிருக்கும். அவர் மைக்கை அணைத்தார். இடப்பக்கம் குனிந்தார். நான் எதிரே இருந்த கூட்டத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மைக் மறுபடி உயிர்பெற்றபோது அவர் சொன்னார்: "இந்தத் தாய் சொல்வதுதான் சரி. பிள்ளைக்குக் கேட்கவில்லை. அம்மா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நல்ல டாக்டர் கிடைக்கும்படி நாம் எல்லாரும் இப்போது ஜெபிப்போம்." ஆமென் என்ற சத்தம் அல்லேலூயாவைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் வந்தது. பிரசங்கிகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து வைத்திருக்கிறோம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கைக்கு வந்த அற்புதத்தை ஒருவர் அத்தனை பேர் முன்னால் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரை எப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான். அம்மாவும் அத்தை வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. காது போன பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வார்களா, அப்பா என்ன முடிவு எடுப்பார், ஒன்றும் தெரியவில்லை. போவேனா இருப்பேனா என்று தெரியாமலே தூங்கிப்போனேன்.

காலையில் அம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அப்பாவும் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார், ஆனால் வெளியே நின்றுகொண்டார். டாக்டர் இளம்பெண், கன்னடத்தில் பேசினார், தமிழ் வராது. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், ஒரு கம்பியைத் தட்டித் தலையில் வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நீங்கள் இவளுக்குப் பின்னால் நின்று, ஒரு பக்கமாகக் குனிந்து ரகசியம் மாதிரி ஏதாவது சொல்லுங்கள். என்ன கேட்டது என்று இவள் சொல்லட்டும்" என்றார். கேட்கிற காதைப் பஞ்சு வைத்து அழுத்திப் பொத்திக்கொண்டார்.

முதலில் இடது காது. அம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது, ஊதுபத்தி வாசனை வந்தது. ரொம்ப நேரம் சொன்னாள். ரகசியம் சொல்லச் சொன்னால் ஒரு வார்த்தை சொல்வார்கள், அவள் விடாமல் என்னென்னவோ சொன்னாள். எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு என்ன கேட்டது என்று கேட்க, ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அதில் என்ன சொன்னாய் என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "போடி, ஏதோ சொன்னேன்" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

டாக்டர் அந்தப் பஞ்சால் இடது காதை மூடினார். இப்போது வலது காது. அம்மா இந்தப் பக்கம் வந்து குனிந்தாள். சின்ன வாக்கியம்தான் சொன்னாள்.

"என்ன சொன்னார்கள்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

தேர்வில் சரியான விடை தெரிந்த பிள்ளை மாதிரி நான் சத்தமாகச் சொன்னேன், அப்பா குரல் எனக்கும் கொஞ்சம் உண்டு: "உன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன்."

கதவுக்கு வெளியே நின்ற அப்பா எட்டிப் பார்த்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாதே, அவர் அம்மாவிடம் திரும்பினார். "சரியாகச் சொன்னாளா? நீங்கள் சொன்னது அதுதானா?"

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நான் அதுவரை கேட்டறியாத உரத்த குரலில், கன்னடத்தில் சொன்னாள்: "அதுதான் டாக்டர். நான் சொன்னது அதேதான்."